முனைவர் பட்ட ஆய்வு முன்மொழிவும் நெறியாளர் தேடலும்

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க எண்ணும் பலர், எதை, எப்படி ஆராயப்போகிறோம் என்று சொல்லும் முன்மொழிவை முதலில் எழுதி முடித்துவிட்டு, அதை ஏற்றுக்கொண்டு ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். வேறு சிலர், பெயர் பெற்ற பேராசிரியர் ஒருவரைப் பிடித்துவிட்டால் தலைப்பை அவரே தந்துவிடுவார் என்று காத்திருக்கிறார்கள். இரண்டு வழியிலும் மாதங்கள் வீணாகின்றன. முன்மொழிவுக்காகப் படிக்கும் கட்டுரைகளிலேயே நெறியாளராக வரக்கூடியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுடைய ஆய்வுகளைக் கூர்ந்து படிக்கும்போதுதான் நம்முடைய கேள்வியும் திருந்துகிறது. ஆகவே இரண்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொண்டு, விண்ணப்பத்தின் இறுதி நாளுக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

எந்த நாட்டில், எந்த முறையில் விண்ணப்பிக்கிறோம் என்பதைப் பொறுத்து முன்மொழிவின் பயன்பாடே மாறும். பிரிட்டனில் பெரும்பாலான துறைகள் விண்ணப்பத்துடனேயே முன்மொழிவைக் கேட்கின்றன. பல இடங்களில் அது 1,000 முதல் 2,000 சொற்களுக்குள் அமைய வேண்டும். அமெரிக்காவில் பொதுவாகத் துறையின் குழுவே சேர்க்கையை முடிவு செய்கிறது. விண்ணப்பத்துக்கு, ஏன் இந்தப் படிப்பு, எதை ஆராய விருப்பம் என்று சொல்லும் நோக்க அறிக்கை போதும், முதல் ஓரிரு ஆண்டுகள் பாட வகுப்புகளிலும் தகுதித் தேர்விலும் கழிந்த பிறகே முறையான முன்மொழிவை எழுதி ஒரு குழுவின் முன் வைக்க வேண்டியிருக்கும். உயிரியல் போன்ற துறைகளில் அங்கே மாணவர் முதலாண்டில் சில ஆய்வகங்களில் மாறி மாறிப் பணியாற்றிப் பார்த்துவிட்டுத்தான் நெறியாளரைத் தேர்ந்தெடுக்கிறார். ஜெர்மனியில் தனியாக ஆய்வு செய்ய விரும்புபவர் பேராசிரியரை நேரடியாக அணுகி, நெறிப்படுத்த இசைவதாக எழுத்தில் ஒப்புதல் பெறுவது வழக்கம். ஊதியத்துடன் விளம்பரப்படுத்தப்படும் ஆய்வுப் பணியிடங்களும் அங்கே உண்டு, அவற்றில் தலைப்பு பெருமளவு முன்பே முடிவாகியிருக்கும். எனவே எழுத உட்காரும் முன், விண்ணப்பிக்கப்போகும் துறையின் அறிவிப்பை வரி விடாமல் படித்து, சொல்லளவு, கேட்கப்படும் பகுதிகள், நெறியாளரின் முன்னொப்புதல் தேவையா என்பது ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆர்வத்திலிருந்து கேள்விக்கு

தொடக்கத்தில் நம் கையில் இருப்பது ஓர் ஆர்வம் மட்டுமே. அதை ஆய்வு வினாவாக மாற்றுவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி என்பதால், ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஒருவருக்குச் செவிலியர்களின் பணிச்சுமையில் ஆர்வம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “செவிலியர்களின் பணிச்சுமை: ஓர் ஆய்வு” என்பது தலைப்பாகலாமே தவிர, கேள்வியாகாது, எதைக் கண்டுபிடித்தால் ஆய்வு முடிந்தது என்று அது சொல்வதில்லை. “இரவுப் பணி செவிலியர்களைப் பாதிக்கிறதா?” என்று கேட்டால் கேள்விக்குறி வந்துவிடுகிறது, ஆனால் விடை முன்பே தெரிந்தது. “சுழற்சி முறையில் பணியாற்றும் செவிலியர்கள், தொடர்ந்து சில இரவுப் பணிகளை முடித்தபின் வரும் முதல் பகல் பணியில், மருந்தின் அளவைக் கணக்கிடும்போது வழக்கத்தைவிட அதிகம் தவறுகிறார்களா?” என்று கேட்கும்போதுதான் யாரைப் பற்றி, எந்த நேரத்தைப் பற்றி, எதை அளந்து, எதனுடன் ஒப்பிட்டுப் பேசுகிறோம் என்பது தெளிவாகிறது. “ஆம்” என்று விடை வந்தாலும் “இல்லை” என்று வந்தாலும் பணி அட்டவணை போடுபவருக்கு அதனால் பயன் உண்டு. எந்த விடை வந்தாலும் பயன்படும் கேள்வியே மூன்று நான்கு ஆண்டுகளை ஒப்படைக்கத் தகுந்த கேள்வி என்பது என் கருத்து.

இப்படிச் சுருக்குவதற்கு வாசிப்புதான் வழி. துறையில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் மீளாய்வுக் கட்டுரைகளில் அண்மையில் வந்த ஒன்றிலிருந்து தொடங்கி, அதன் மேற்கோள் பட்டியல் வழியாகப் பின்னோக்கியும், கூகுள் ஸ்காலரில் அக்கட்டுரையைப் பின்னாளில் மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் வழியாக முன்னோக்கியும் செல்ல வேண்டும். அச்சில் வந்த கட்டுரைகளோடு நின்றுவிடாமல், ஏற்கப்பட்ட ஆய்வேடுகளையும் பார்க்க வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் பெருமளவில் சோத்கங்கா களஞ்சியத்தில் கிடைக்கின்றன, பிற நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் தத்தம் களஞ்சியங்களைத் திறந்து வைத்திருக்கின்றன. ஆய்வேட்டின் கடைசி இயலில் வரும் “மேலும் ஆய்வுக்குரியவை” என்ற பகுதி, அந்த ஆய்வாளர் தம்மால் முடியாமல் விட்டவற்றை ஒளிக்காமல் சொல்லும் இடம். நம் கேள்விக்கான விதை பெரும்பாலும் அங்கே கிடக்கும். படித்தவற்றை ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் முதல் நாளிலிருந்தே சேர்த்துவைத்தால், பின்னால் மேற்கோள் பட்டியலைத் தேடித் தொகுக்கும் அவதி இராது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நூற்பட்டியல் கேட்பவர்கள், அவை இல்லாத கட்டுரைகளையும் இருப்பதைப் போலவே தலைப்பும் ஆண்டும் போட்டுத் தருவதுண்டு என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொரு கட்டுரையையும் தாமே திறந்து பார்த்த பிறகே முன்மொழிவில் சேர்க்க வேண்டும். மதிப்பிடுபவர் அந்தத் துறையிலேயே ஊறியவர். இல்லாத கட்டுரையை அவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.

ஆய்வு இடைவெளி என்பதைப் பலரும் “இதை இதுவரை யாரும் செய்யவில்லை” என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். செய்யத் தேவையில்லாததாலும் ஒன்று செய்யப்படாமல் இருந்திருக்கலாம். இரண்டு நல்ல ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்திருப்பது, எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் ஓர் ஊகத்தை யாரும் சோதிக்காமல் விட்டிருப்பது, முன்பு கிடைக்காத தரவோ ஆவணமோ கருவியோ இப்போது கிடைத்திருப்பது ஆகியவை வலுவான இடைவெளிகள். செவிலியர் எடுத்துக்காட்டில், மருந்துத் தவறுகளைப் பணியாளர்கள் தாமாகப் பதிவு செய்யும் அறிக்கைகளைக் கொண்டு எண்ணினால், நடந்த தவறுகளின் எண்ணிக்கையோடு, தவறை ஒப்புக்கொள்ளும் துணிவும் சேர்ந்தே எண்ணப்படுகிறது. இதைச் சுட்டிக்காட்டி, வேறு முறையில் அளப்பேன் என்று சொல்வது உண்மையான இடைவெளி.

முன்மொழிவை எழுதும்போது

பின்னணி, முன்னாய்வுகள், ஆய்வு வினாவும் நோக்கங்களும், ஆய்வு முறை, கால அட்டவணை, எதிர்பார்க்கும் பங்களிப்பு, மேற்கோள் பட்டியல் என்ற வரிசை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தவறு நிகழ்வது அளவில். பாதிப் பக்கங்களைப் பின்னணியே விழுங்கிவிட, ஆய்வு முறைக்கு ஒரு பத்தி மிஞ்சுகிறது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கையாவது ஆய்வு முறைக்கு ஒதுக்க வேண்டும். மதிப்பிடுபவர் உலகளாவிய முன்னுரையைத் தாண்டிவிட்டு நேராக வினாவுக்கும் முறைக்கும் செல்வதே வழக்கம் என்பதால், முதல் பக்கத்திலேயே வினா வந்துவிடுவது நல்லது.

ஆய்வு முறைப் பகுதியில் “கேள்வித்தாளும் நேர்காணலும் பயன்படுத்தப்படும்” என்று எழுதுவது போதாது. ஏன் அவை, ஏன் மற்றவை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேற்சொன்ன எடுத்துக்காட்டையே எடுத்துக்கொண்டால், தாமாகப் பதிவு செய்த அறிக்கைகள் குறைவாகக் காட்டும். அருகில் நின்று கவனித்தால், கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே நடத்தையை மாற்றும். பணி தொடங்கும் முன் எழுத்தில் ஒரு சிறு கணக்கீட்டுத் தேர்வு வைத்தால் நோயாளிக்கு ஆபத்தில்லை, ஆனால் வார்டின் பரபரப்பு அதில் இராது. இம்மூன்றின் குறைகளையும் எடைபோட்டு, “கணக்கீட்டுத் தேர்வைப் பயன்படுத்துவேன், ஒவ்வொரு செவிலியரையும் இரவுப் பணிக்குப் பின்னும், போதிய ஓய்வுக்குப் பின்னும் தேர்வெழுதச் செய்து, அவரை அவருடனேயே ஒப்பிடுவேன், இதனால் ஆளுக்கு ஆள் உள்ள திறன் வேறுபாடு முடிவைக் குழப்பாது, ஒரே தேர்வை மீண்டும் எழுதுவதால் வரும் பழக்கத்தைத் தவிர்க்க இரண்டு வினாத்தொகுதிகளை மாற்றி மாற்றிக் கொடுப்பேன்” என்று எழுதினால், இந்த மாணவர் ஆய்வைத் தலைக்குள் ஒருமுறை நடத்திப் பார்த்துவிட்டார் என்று படிப்பவருக்குப் புரியும். இலக்கியம், வரலாறு போன்ற துறைகளுக்கும் இதே விதிதான். எந்த ஆவணக் காப்பகம், எந்தக் காலப் பகுதி, எந்த மொழியிலுள்ள மூலங்கள், அவற்றைப் படிக்கும் பயிற்சி உண்டா, பார்வையிட அனுமதி கிடைக்குமா என்பவை அங்கே முறையின் பகுதிகள். “இன்ன கோட்பாட்டின் அடிப்படையில் ஆராயப்படும்” என்று நிறுத்தாமல், அக்கோட்பாடு நம் மூலங்களில் எதைப் பார்க்க உதவும் என்பதை ஒரு பகுதியை எடுத்து விளக்கிக் காட்ட வேண்டும்.

கால அட்டவணை பெரும்பாலும் ஒப்புக்குப் போடப்படுகிறது. அதை எண்களால் சோதித்துப் பார்ப்பது நல்லது. நாற்பது பேரை ஒரு மணி நேரம் வீதம் நேர்காணல் செய்ய எண்ணுகிறோம் என்றால், ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கையால் எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். ஐந்து என்றே கொண்டாலும் 200 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் ஐம்பது வேலை நாள்கள். எழுத்தாக்கியதைப் பொருள்வாரியாகப் பிரித்துக் குறியீடு செய்வதும் பகுப்பாய்வும் இதற்குப் பிறகு. மனிதர்களிடம் தரவு திரட்டும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றிக் களத்தில் இறங்க முடியாது. விண்ணப்பம், கேள்விகள், திருத்தம், மறு விண்ணப்பம் என்று அதுவே சில மாதங்களை எடுத்துக்கொள்ளலாம். மருத்துவ ஆய்வுகளில் 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஹெல்சிங்கி பிரகடனம் முதல் இன்றைய நிறுவன விதிகள் வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை, பங்கேற்பவரின் விவரமறிந்த ஒப்புதல். அதை எப்படிப் பெறுவோம், பெயர்களை எப்படி மறைப்போம், தரவை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்பதற்கு முன்மொழிவிலேயே சில வரிகள் வேண்டும். அத்துடன், மருத்துவமனை அனுமதி மறுத்தால் என்ன செய்வோம், மூலப் பிரதி கிடைக்காவிட்டால் என்ன செய்வோம் என்ற மாற்றுத் திட்டத்தையும் கூச்சமின்றி எழுதலாம். சிக்கலே வராது என்று எழுதுபவரைவிட வரக்கூடியதைக் கணித்து எழுதுபவரை மதிப்பீட்டாளர்கள் நம்புகிறார்கள்.

1970-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்பாவுக்கு இயக்குநராக இருந்த ஜார்ஜ் ஹைல்மையர், ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடச் சில கேள்விகளை வைத்திருந்தார்: துறைச்சொல் எதுவும் இல்லாமல், என்ன செய்யப் போகிறாய்? இன்று அது எப்படிச் செய்யப்படுகிறது, அதன் எல்லைகள் எவை? உன் வழியில் புதிது என்ன, அது ஏன் வெற்றி பெறும்? யாருக்கு அதனால் என்ன? இடையிலும் முடிவிலும் எதைக் கொண்டு வெற்றியைச் சோதிப்பாய்? வரைவு முடிந்ததும் இக்கேள்விகளுக்குக் காகிதத்தைப் பார்க்காமல் விடை சொல்லிப் பார்க்கலாம். எங்கே நா தடுமாறுகிறதோ அந்தப் பத்தி இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள். துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடமும் துறையினுள் உள்ள ஒருவரிடமும் வரைவைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதும் பயன் தரும். தலைப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

நெறியாளரைத் தேடுதல்

வாசிப்பு ஒழுங்காக நடந்திருந்தால், மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் பத்துப் பதினைந்து பெயர்கள் இப்போது கையில் இருக்கும். அவர்களில் யார் நெறியாளராகத் தகுந்தவர் என்பதைப் புகழ் சொல்லாது. ஒருவருடைய பக்கத்தைத் திறந்து, கடைசி நான்கைந்து ஆண்டுகளின் கட்டுரைகளை மட்டும் பார்க்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் நம் தலைப்பில் எழுதியவர் இன்று வேறெங்கோ போயிருக்கலாம். அடுத்து ஆசிரியர் வரிசை. ஆய்வகம் சார்ந்த அறிவியல் துறைகள் பலவற்றில் வேலையைச் செய்த மாணவர் முதல் பெயராகவும் ஆய்வகத் தலைவர் கடைசிப் பெயராகவும் வருவது வழக்கம்; ஆகவே கடைசிப் பெயராக அவர் இருக்கும் கட்டுரைகளில் முதல் பெயர் மாணவர்களுடையதா என்று பார்த்தால், மாணவரின் உழைப்புக்கு உரிய இடம் கிடைக்கிறதா என்பது தெரியும். கணிதத்திலும் பொருளியலிலும் அகரவரிசையே பெருவழக்கு என்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. மானுடவியல், இலக்கியத் துறைகளில் மாணவர்கள் தனியாகவே எழுதுவார்கள். அங்கே அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகளையும், அவை பின்னர் நூல்களாகவோ கட்டுரைகளாகவோ வெளிவந்தனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆய்வேடுகளின் நன்றியுரைகளைப் படிப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் நெறியாளருக்குச் சடங்காக ஒரு வரி எழுதிவிட்டு, வரைவுகளைத் திருத்தித் தந்ததற்காக வேறொருவருக்கு ஒரு பத்தி எழுதியிருப்பது போல ஒரே பேராசிரியரின் மூன்று மாணவர்கள் செய்திருந்தால், அதில் செய்தி இருக்கிறது. பதிவு செய்த ஆண்டையும் பட்டம் பெற்ற ஆண்டையும் ஒப்பிட முடிந்தால், மாணவர்கள் எவ்வளவு காலத்தில் முடிக்கிறார்கள் என்பதும் புலப்படும்.

இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும் இணைப் பேராசிரியர் 6 பேரையும் உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே முனைவர் பட்டத்துக்கு நெறிப்படுத்தலாம் என்கின்றன. ஓய்வுபெற மூன்றாண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை எடுக்கவும் முடியாது. பிற நாடுகளில் இத்தகைய வரம்பு எண்ணாக இல்லாவிட்டாலும், நல்கைத் தொகை முடிகிறதா, ஆய்வு விடுப்பில் செல்கிறாரா, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறாரா என்பவை அதே விளைவைத் தரும். மூத்தவரிடம் தொடர்புகளும் அனுபவமும் அதிகம், நேரம் குறைவு. புதிதாகப் பணியேற்றவரிடம் நேரமும் ஊக்கமும் அதிகம், துறை நடைமுறைகளில் பழக்கம் குறைவு. இருவரையும் இணை நெறியாளர்களாகக் கொள்ள வழி இருக்கும் இடங்களில் அதுவே பல நேரங்களில் சிறந்த ஏற்பாடு.

பட்டியல் நான்கைந்து பெயர்களாகச் சுருங்கியதும் மின்னஞ்சல் எழுதலாம். “மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, தங்கள் ஆய்வுகளால் மிகவும் ஈர்க்கப்பட்டேன், தங்களின் கீழ் ஆய்வு செய்யும் வாய்ப்பை அருள வேண்டுகிறேன்” என்ற மடல், பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்பப்பட்டது என்பது பெறுபவருக்கு உடனே தெரியும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: “இரவுப் பணியும் மருந்துத் தவறுகளும் பற்றிய தங்கள் கட்டுரையில் தவறுகள் பணியாளர் அறிக்கைகளிலிருந்து எண்ணப்பட்டுள்ளன. அறிக்கையாகாத தவறுகளையும் கணக்கில் கொள்ள, கணக்கீட்டுத் தேர்வு ஒன்றைப் பயன்படுத்தி அதே கேள்வியை ஆராய விரும்புகிறேன். செவிலியர் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றுள்ளேன். என் முதுகலை ஆய்வும் மருந்துக் கணக்கீடு பற்றியதே. வரும் கல்வியாண்டில் புதிய மாணவரை ஏற்கும் எண்ணம் தங்களுக்கு உண்டா? ஒரு பக்கச் சுருக்கமும் தன்விவரக் குறிப்பும் இணைத்துள்ளேன்.” இதற்கு மேல் முதல் மடலில் தேவையில்லை. முழு முன்மொழிவையும் இணைத்தால் அது திறக்கப்படாமலே கிடக்கக்கூடும். இரண்டு வாரங்கள் பதில் வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். அதன் பிறகும் மௌனம் என்றால் அடுத்த பெயருக்குப் போய்விட வேண்டும். ஒரே துறையில் இருவருக்கு எழுதும்போது அதை மறைக்க வேண்டாம். அவர்கள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பவர்கள்.

பேச அழைத்தால், அவர் நம்மைத் தேர்வு செய்வதைப் போலவே நாமும் அவரைத் தேர்வு செய்கிறோம். எவ்வளவு இடைவெளியில் மாணவர்களைச் சந்திப்பார், வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார், கட்டுரைகளில் ஆசிரியர் பெயர்களை எப்படி முடிவு செய்வார், உதவித்தொகை முடிந்த பிறகும் ஆய்வு நீண்டால் என்ன வழி என்று மரியாதை குறையாமல் கேட்கலாம். இக்கேள்விகளால் எரிச்சலடைபவரிடம் நான்கு ஆண்டுகள் எப்படிப் போகும் என்பதை அப்போதே ஊகித்துக்கொள்ளலாம். அவருடைய மாணவர்களிடம், முடிந்தால் படிப்பை முடித்துச் சென்றவர்களிடமும் இடையில் விட்டுச் சென்றவர்களிடமும், தனியாகப் பேச வேண்டும். “நல்லவரா?” என்று கேட்டால் எல்லோரும் “நல்லவர்” என்றே சொல்வார்கள், “கடைசியாக நீங்கள் கொடுத்த இயலுக்கு எப்போது, எந்த வடிவில் கருத்து வந்தது?” என்று கேட்டால் விடையில் விவரம் இருக்கும்.

அவர் இசைந்தபின் முன்மொழிவு மீண்டும் திறக்கப்படும். கேள்வியைக் குறுக்கச் சொல்வார், முறையை மாற்றச் சொல்வார், நாம் ஆசையாக வைத்திருந்த ஓர் இயலை நீக்கச் சொல்வார். காரணம் சொல்லிக் கேட்கும் திருத்தங்களை ஏற்பதும், உடன்பாடில்லாதவற்றுக்கு நம் காரணத்தை எழுத்தில் வைப்பதும் முறை. ஆனால் கேள்வியே முற்றிலும் வேறொன்றாகிவிட்டால், அது நாம் சில ஆண்டுகள் சுமக்க விரும்பும் கேள்விதானா என்பதைக் கையொப்பமிடும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும், என்னென்ன முடிவு செய்யப்பட்டன, அடுத்த வரைவு எந்த நாளில் என்று நான்கு வரி மின்னஞ்சல் ஒன்றை நாமே எழுதி அனுப்பிவிடும் பழக்கத்தை இந்தக் கட்டத்திலேயே தொடங்கிவிடலாம். இருவரில் யாருக்காவது பின்னால் நினைவு பிசகினால் அந்த மடல் சான்றாக இருக்கும்.